காலித் தாழி

செத்தவர்களைத் தொந்தரவு செய்வதற்கென்றே அரசாங்கத்தில் ஒரு துறை இருக்கிறது. உயிரோடு இருப்பவர்களை மற்ற எல்லாத் துறைகளும் சேர்ந்து கவனித்துக்கொள்வதால், மிச்சம் விழுந்த வேலை பழம்பொருள் துறைக்கு வந்திருக்க வேண்டும்.

அந்தத் துறையின் படியை மிதிக்க வேண்டும் என்று நம் கன்றுக்காரர் கனவிலும் நினைத்ததில்லை. அவர் பாட்டுக்கு வெங்காயம் போட்டுக்கொண்டு, கன்றுக்குட்டிகளை வளர்த்து விற்றுக்கொண்டு, யார் வம்புக்கும் போகாமல் இருந்தவர். கன்றுகள் மேல் அவருக்கு அப்படி ஒரு பைத்தியம், பெயரே அதிலிருந்துதான் வந்தது. அவர் செய்த தப்பும் அந்தக் கன்றுகளால் வந்ததுதான். அப்படித்தான் அவர் தம் மனசுக்குச் சொல்லிப் பார்த்தார், மனசு கேட்கவில்லை.

நடந்தது இதுதான். தண்ணீர்க் குழாய் பதிக்க வெங்காய வயலின் ஓரத்தில் தோண்டிக்கொண்டிருந்தபோது கடப்பாரை ணங் என்றது. மண்ணைத் தள்ளிப் பார்த்தால் ஒரே கல்லைக் குடைந்து செய்த தொட்டி. மேலே கச்சிதமாகப் பொருந்திய ஒரு கல் மூடி. நெம்பித் தள்ளினார். உள்ளே எலும்புகள் கிடந்தன. எல்லாம் சின்னச் சின்னது.

பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதே நேரத்தில் தொட்டியின் விளிம்பு அவர் கண்ணில் பட்டது. வழவழவென்று, ஒரு கன்று கழுத்தை நீட்டித் தண்ணீர் குடிக்கத் தோதான உயரத்தில் இருந்தது. கொட்டகையில் இருந்த சிமெண்டுத் தொட்டி வெடித்து ஒழுகிக்கொண்டிருந்தது. கன்றுக்காரர் சுற்றும் முற்றும் பார்த்தார். எலும்புகளை அள்ளி ஒரு உரச்சாக்கில் போட்டுக் கொட்டகைப் பரணில் ஏற்றினார். தொட்டியைப் பக்கத்து வயல் டிராக்டரில் கட்டி இழுத்து வந்து தேய்த்துக் கழுவினார். பொழுது சாய்வதற்குள் கன்று அதில் சளப் சளப்பென்று தண்ணீர் குடித்தது. மூடி துவைக்கிற கல்லானது.

"உள்ள என்னங்க இருந்துச்சு?" என்று மனைவி கேட்டாள்.

"மண்ணுதான். கொஞ்சம் வேரு."

அவள் நம்பினாள். அந்தக் கல்லில் ஓங்கி ஓங்கி அடித்துத் துவைத்தாள். கல் நன்றாக இருக்கிறது என்று அவரைப் பாராட்டக்கூடச் செய்தாள்.

பிறகு ஒருநாள் தவிடு கட்டச் சாக்குத் தேடிப் பரணில் ஏறியவள், கொஞ்ச நேரம் இறங்கவே இல்லை. இறங்கி வந்தபோது அவள் உள்ளங்கையில் ஒரு குட்டித் தாடை எலும்பு இருந்தது. அதில் பால்பல் வரிசையாக இருந்தது.

"இதுதான் வேரா?"

கன்றுக்காரர் கன்றின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"எந்த மகராசி பெத்த புள்ளையோ. கல்லைக் குடைஞ்சு, மூடி போட்டு, பத்திரமா வச்சிட்டுப் போயிருக்கா. அதைக் கொட்டிட்டு நீங்க மாட்டுக்குத் தண்ணி காட்டிருக்கீங்க. நான் அது தலைமேல இருந்த கல்லுல உங்க வேட்டியத் துவச்சிருக்கேன்." அவள் அந்தத் தாடையை முந்தானையில் துடைத்தாள். "அதோட எடத்துலயே திரும்ப வச்சிடுங்க. இன்னிக்கே வைங்க."

"வச்சிடலாம்மா. ஒரு பிளாஸ்டிக் தொட்டி வாங்கிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் கன்னு எதுல தண்ணி குடிக்கும்? நாளைக்கு வச்சிடலாம்."

அந்த 'நாளைக்கு' என்ற வார்த்தைக்காக அவர் பிற்பாடு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று பலமுறை நினைத்தார். ஏனென்றால் அன்றைக்கே பால் எடுக்க வந்த வண்டிக்காரர், கன்று தண்ணீர் குடிக்கும் அழகைப் போனில் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார். மறுநாள் பிளாஸ்டிக் தொட்டி வருவதற்கு முன்னால் பழம்பொருள் துறையின் ஜீப் வந்துவிட்டது.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் கல் பிரிவு அதிகாரி. கையில் அளவு நாடா, பாக்கெட்டில் ஒரு பிரஷ். தொட்டியைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டார்.

"தாழி!" என்றார். "கல் தாழி! செத்தவங்கள வச்சுப் புதைக்கிற பாத்திரம். இதுக்காகத்தான் நான் வேலைக்கே சேர்ந்தேன்."

சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று கன்றுக்காரர் நினைத்தார். "சார், ஒரு தப்பு பண்ணிட்டேன். இதுக்குள்ள ஒரு குழந்தையோட எலும்பு இருந்துச்சு. நான்தான் எடுத்துட்டேன். பரண்ல வச்சிருக்கேன். கொண்டு வரட்டுமா?"

அதிகாரி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வேண்டாம், வேண்டாம்! நான் கல் பிரிவு. எலும்பு வேற பிரிவு. நான் எலும்பப் பாத்தா நாளைக்கு அவங்க எங்க பிரிவுல வந்து கல்லப் பாப்பாங்க. அப்புறம் ஆபீஸ்ல ஒரு ஒழுங்கு இருக்குமா?"

"இதுக்குள்ளதான சார் இருந்துச்சு."

"இருந்திருக்கலாம். நான் வரும்போது இதுக்குள்ள என்ன இருந்துச்சு?"

"தண்ணி சார்."

"அவ்வளவுதான்." அதிகாரி அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து மூடி முத்திரை வைத்தார். மீதியை மொண்டு கொட்டினார். கன்று ஏக்கமாகப் பார்த்தது. "இப்ப என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"காலி," என்று எழுதிக்கொண்டார்.

துவைக்கிற கல்லையும் விடவில்லை. அதில் ஒட்டியிருந்த சோப்பைச் சுரண்டிக் காகிதத்தில் மடித்து, "மூடியின் மேல் வெண்ணிறப் படிவு. சடங்கு சார்ந்ததாக இருக்கலாம்," என்று குறித்தார். தாழியும் மூடியும் ஏறிய லாரி புறப்பட்டபோது கன்றுக்காரரின் மனைவி வாசலில் சாக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீடு ஒரு பக்கம் போகிறது, பிள்ளை ஒரு பக்கம் நிற்கிறது என்று அவளுக்குப் பட்டது.

"நீங்க நேர்ல போய்க் குடுத்துட்டு வாங்க," என்றாள். "அந்தப் பெட்டிக்குள்ளயே வைக்கச் சொல்லுங்க. அது நடக்காம எனக்குச் சோறு இறங்காது."

அப்படித்தான் கன்றுக்காரர் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். பக்கத்தில் உட்கார்ந்தவர், "வெங்காயமா?" என்று கேட்டார். ஆமாம் என்றார்.

தலைமை அலுவலகம் நீளமான கட்டடம். இரண்டு பக்கமும் கதவுகள், ஒவ்வொரு கதவிலும் ஒரு பலகை. கல், மண், உலோகம், துணி, எலும்பு. எலும்புப் பிரிவு பூட்டியிருந்தது. அந்த அதிகாரி ஓய்வு பெற்றுவிட்டாராம். அடுத்தவர் வரும்வரை யாரும் எலும்பைக் கண்டுபிடிக்கக் கூடாது என்று சுற்றறிக்கை போயிருக்கிறதாம். கடைசியில் சாக்கோடு அவரை இயக்குநரின் அறைக்கே அனுப்பிவிட்டார்கள்.

இயக்குநர் நல்ல மனிதர். சாக்கைக் கண்டு முகம் சுளிக்கவில்லை, நாற்காலி போடச் சொன்னார். கன்றுக்காரர் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார்.

"நீங்க வருத்தப்படுறது புரியுது," என்றார் இயக்குநர். "ஆனா சாக்குல வந்த எலும்பு எலும்பே இல்லைங்க."

"சார்?"

"மண்ணுல கிடைச்சாத்தான் எலும்பு. நாங்க தேடணும், தோண்டணும், ஆச்சரியப்படணும். நீங்க கொண்டாந்து மேஜைல வச்சா அதுக்குப் பேரு கண்டுபிடிப்பு இல்ல, பார்சல்."

"அப்ப நான் என்ன சார் பண்றது?"

"நான் எதுவும் சொல்லலை. சொல்லவும் கூடாது. பொதுவாப் பேசறேன். ஒரு பொருள் மண்ணுக்குள்ள இருந்தா நாங்க வந்து எடுப்போம். மண்ணுக்குள்ள எப்படி வந்துச்சுன்னு கேக்கற பழக்கம் எங்க துறையில இல்ல."

கன்றுக்காரர் தலையைச் சொறிந்தார். "எடுத்துட்டு, அந்தத் தாழிக்குள்ளயே வச்சிடுவீங்களா சார்? அது ஒண்ணுதான் நான் கேக்கறேன்."

"ரெண்டும் ஒரே கட்டடத்துக்குத்தானே வரப்போகுது!" என்று இயக்குநர் கையை விரித்தார். அதைக் கன்றுக்காரர் வாக்குறுதி என்று எடுத்துக்கொண்டார். உலகத்தில் அவரைப் போன்றவர்கள் இருப்பதால்தான் அலுவலகங்கள் நடக்கின்றன.

ஒரு நண்பகலில் கணவனும் மனைவியுமாகச் சாக்கோடு வயலுக்குப் போனார்கள். வெறும் மண்ணில் போட அவளுக்கு மனசு வரவில்லை. எலும்புகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, அடுப்படியில் பாத்திரம் இறக்கும் நீலக்கட்டம் போட்ட துணியில் சுற்றினாள். துணியின் ஓரத்தில் தீப்பட்டு ஒரு ஓட்டை இருந்தது. "ஓட்டைத் துணி. மன்னிச்சுக்கோ கண்ணு, கொஞ்ச நாளைக்குத்தான்," என்று சொல்லிக்கொண்டே மண்ணைத் தள்ளினாள். கன்றுக்காரர் அந்தப் பக்கம் திரும்பி வெங்காயத் தாளைக் கிள்ளிக்கொண்டிருந்தார். மூன்றாயிரம் வருஷமோ நாலாயிரம் வருஷமோ நிம்மதியாகப் படுத்திருந்த பிள்ளையை எழுப்பி, ஊர் சுற்றிக் காட்டி, இப்போது பொய்யாகப் புதைக்கிறோமே என்று அவருக்கு அழுகை முட்டியது.

துறை வந்து இறங்கியது. கூடாரம் போட்டார்கள், கயிறு கட்டினார்கள், வெங்காயத்தை மிதித்தார்கள். இயக்குநரே பிரஷ்ஷை எடுத்தார். புதிதாகத் தோண்டி மூடிய மண் பொதபொதவென்று இருந்தது. "இவ்வளவு மென்மையான மண் அடுக்கை நான் பார்த்ததே இல்லை!" என்று பத்திரிகைக்காரர்களிடம் வியந்தார். துணி முடிச்சு தெரிந்ததும் அப்படியே மண்டி போட்டுவிட்டார்.

கன்றுக்காரரின் மனைவி பொறுக்க முடியாமல் கயிற்றைத் தாண்டி வந்தாள். "சார், அது எங்க வீட்டு அடுப்படித் துணி சார்."

இயக்குநர் எழுந்து கேமராக்களைப் பார்த்துத் திரும்பினார். அவர் கண்களில் நீர் நிறைந்திருந்தது. "கேட்டீர்களா? எங்கள் வீட்டுத் துணி என்கிறார்! ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய நெசவைப் பார்த்ததும் ஒரு எளிய பெண்மணிக்கு வருகிற உரிமை உணர்வு! இந்த உணர்வை மக்களுக்கு ஊட்டத்தானே இந்தத் துறையே இருக்கிறது!"

எல்லோரும் கைதட்டினார்கள். அவள் துணியின் ஓட்டையைக் காட்டப் போனாள். அதற்குள் அதைத் துணிப் பிரிவு வாங்கிக்கொண்டு போய்விட்டது.

துறை புதிதாக அமைத்த அருங்காட்சியகத்தின் திறப்பு விழாவுக்குக் கன்றுக்காரர் சிறப்பு விருந்தினர். 'தொன்மைக் காவலர்' என்று பட்டம் கொடுத்துச் சட்டையில் ஒரு வில்லை குத்தினார்கள். குத்தியவருக்குப் பழக்கமில்லை, ஊசி நெஞ்சில் ஏறியது. இதுவும் வேண்டும் நமக்கு என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். பட்டத்தோடு ஒரு பொறுப்பும் வந்தது. ஆண்டுக்கொரு முறை நடக்கும் சரிபார்ப்பில் பொருள்கள் எல்லாம் பட்டியலில் கண்டபடியே இருக்கின்றன என்று அவரும் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

இயக்குநர் மேடையில் முழங்கினார். "எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும் என்று பாமரர்கள் சொல்கிறார்கள். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்துவிட்டால் நாங்கள் எங்கே போவோம்? எடுப்பது எங்கள் பணி! பிரிப்பது எங்கள் அறிவியல்! சேர்ப்பதற்கு இன்னும் எங்களுக்குப் பதவி ஒதுக்கப்படவில்லை!"

பிறகு எல்லோரையும் உள்ளே விட்டார்கள். முதல் அறையில் தாழி, மூடியோடு. பக்கத்தில் கன்று குடித்து மிச்சம் வைத்த தண்ணீர், பாட்டிலில், ஒரு சிறு விளக்குக்குக் கீழே. 'புனித நீர். கால்நடை உமிழ்நீரின் தடயங்கள் உள்ளன.' தாழியின் பலகையில், 'காலித் தாழி. இதில் எவரும் அடக்கம் செய்யப்படவில்லை. வெறுமையைப் போற்றிய மேன்மக்களின் சடங்குப் பாத்திரம்,' என்று எழுதியிருந்தது. இரண்டாவது அறையில் அடுப்படித் துணி. அதன் ஓட்டைக்குத் தனியாக அம்புக்குறி போட்டு, 'வேள்வித் தீயின் சுவடு,' என்றிருந்தார்கள். போன வருஷம் பால் பொங்கியபோது அவசரத்தில் இறக்கியதால் வந்த சுவடு அது.

மூன்றாவது அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தை இருந்தது. துணி துணிப் பிரிவுக்குப் போய்விட்டபடியால், தாழி கல் பிரிவுக்குப் போய்விட்டபடியால், துறையின் கணக்கில் அந்தப் பிள்ளை எதுவும் இல்லாமல்தான் கிடந்தது. பலகை சொன்னது: 'கைவிடப்பட்ட குழந்தை. தாழி கொடுத்து அனுப்ப யாரும் இல்லை. போர்த்திவிட யாரும் இல்லை. இதன் இறப்புக்காக எவரும் வருந்தியதற்கான தடயம் கிடைக்கவில்லை.'

பிள்ளையைக் கூட்டி வந்திருந்த ஒரு அம்மா அதைப் படித்துக் காட்டினாள். "பாத்தியா, பாவம். யாருக்கும் வேண்டாத புள்ள. தூக்கிப் போட்டுட்டாங்க."

கன்றுக்காரரின் மனைவி பலகையைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்ததும் கன்றுக்காரருக்கு என்ன வந்ததோ, விறுவிறுவென்று மேடைக்குப் போய் மைக்கைப் பிடித்துவிட்டார். "அது பொய்ங்க! அந்தப் புள்ள தாழிக்குள்ளதான் இருந்துச்சு. நான்தான் வெளிய எடுத்தேன். வயல்ல புதைச்சது நான்தான். என்னைப் புடிச்சு உள்ள போடுங்க!"

இயக்குநர் பதறவில்லை. கன்றுக்காரர் தோளில் கை போட்டு மைக்கை வாங்கினார். "புதைத்தது நான்தான் என்கிறார். தம் முன்னோர்களோடு இப்படி ஒன்றிப்போன மனிதரை நான் பார்த்ததில்லை. இவர் காவலர் மட்டுமல்ல, இவரே ஒரு தொன்மை!" கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. இறங்கும்போது இயக்குநர் அவர் காதோடு சொன்னார். "இனிமே இப்படிப் பேசாதீங்க. கைவிடப்பட்ட குழந்தைன்னு நான் ஒரு கட்டுரை போட்டுட்டேன். வெளிநாட்டுல கூப்பிட்டிருக்காங்க. செத்த புள்ளைக்குப் புதுசா என்ன கெட்டுடப் போகுது?"

வீட்டுக்கு வந்தார்கள். பிளாஸ்டிக் தொட்டியில் கன்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அவரால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கன்று பாவம், அதற்கு என்ன தெரியும். மனைவி அவரோடு சண்டை போட்டிருந்தால் தேவலை. அவள் பேசாமல் சோறு போட்டாள், பேசாமல் தட்டை எடுத்தாள். கடைசியில் ஒருநாள் வாய் திறந்தாள்.

"அது தாய் வச்ச பெட்டி. நாம புடுங்கிக்கிட்டோம். சரி, அதுகூடப் போகட்டும். இப்ப நம்மால அந்தத் தாய்க்குக் கெட்ட பேருங்க. தூக்கிப் போட்டவளாம்னு வர்றவன் போறவன் எல்லாம் படிக்கிறான். அவ வந்து இல்லன்னு சொல்ல முடியுமா?"

அவர் அழுதார், அவ்வளவுதான். அழுது முடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு, வில்லையையும் குத்திக்கொண்டு, "கிளம்பும்மா," என்றார்.

அன்று அருங்காட்சியகத்தில் துப்புரவு நாள். பார்வையாளர்கள் இல்லை. கண்ணாடிப் பெட்டிகளைத் திறந்து போட்டுக் காவலாளி ஒருவர் தூசி தட்டிக்கொண்டிருந்தார். வில்லையைப் பார்த்ததும் சலாம் வைத்தார். அந்த வில்லையால் விளைந்த ஒரே நன்மை அதுதான்.

கன்றுக்காரர் ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னார். காவலாளி கேட்டுக்கொண்டே தூசி தட்டும் துணியை உதறினார்.

"தூசி தட்டினதும் எல்லாத்தையும் அதனதன் எடத்துல வைக்கணும்னுதான் எனக்கு உத்தரவு," என்றார் கடைசியில். "எது எதோட எடம்னு எனக்கு யாரும் சொல்லலை. மூடி கனமா இருக்கும். ஒரு கை பிடிக்கட்டுமா?"

மூன்று பேருமாக மூடியை நகர்த்தினார்கள். மனைவி கண்ணாடிப் பெட்டியிலிருந்து எலும்புகளை மடியில் ஏந்தி வந்தாள். சுற்ற ஏதாவது எடுத்துத் தரட்டுமா என்று காவலாளி கேட்டார்.

"துணியே வேண்டாம்பா," என்றாள். "அப்புறம் அதுக்கு ஒரு பிரிவு வந்துடும்."

ஒவ்வொன்றாக உள்ளே வைத்தாள். பால்பல் தாடையைக் கடைசியாக வைத்தாள். கன்றுக்காரர் விளிம்பில் கை வைத்துக் குனிந்தார். கன்றின் கழுத்து உரசி உரசி அந்த இடம் இன்னும் கொஞ்சம் வழவழப்பாகியிருந்தது. "தப்புப் பண்ணிட்டேன் கண்ணு," என்றார். மன்னிக்கிறதற்கு வயசு வந்த பிள்ளையா அது. மூடியை நகர்த்தி மூடினார்கள். அப்போதும் அவர் மனசு லேசாகிவிடவில்லை.

கண்ணாடிப் பெட்டி வெறுமையாக இருந்தது. காவலாளி அதை மூடி விளக்கைப் போட்டார். மறுநாள் பார்வையாளர்கள் வந்தார்கள். பலகையைப் படித்தார்கள், உச்சுக் கொட்டினார்கள், விளக்கு வெளிச்சத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

சரிபார்ப்பு நாள் வந்தது. வெளிநாடு போய்வந்ததில் இயக்குநர் கொஞ்சம் பருத்திருந்தார். சாட்சிக்குக் கன்றுக்காரரும், கூடவே அவர் மனைவியும் போனார்கள். மூன்றாவது அறையில் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் இயக்குநர் நின்றார்.

"பலகை இருக்கா?"

"இருக்கு சார்," என்றார் காவலாளி.

"விளக்கு எரியுதா?"

"எரியுது சார்."

"சரி." அவர் பெட்டிக்குள் பார்க்கவே இல்லை. அதில் என்ன இருக்கிறது என்பதைத்தான் அவரே எழுதியிருக்கிறாரே.

முதல் அறைக்கு வந்தார்கள். இயக்குநர் பேனாவைத் திருப்பிப் பிடித்து மூடியின் மேல் டக் டக்கென்று தட்டினார். "காலிதானே?"

கன்றுக்காரர் வாழ்க்கையில் சொன்ன பொய்களில் வேர் என்றது ஒன்று, வெங்காயம் என்றது ஒன்று, வயலில் புதைத்தது ஒன்று. ஒவ்வொன்றும் இன்னும் அவரை அரித்துக்கொண்டிருந்தது. இதையும் அரிக்கட்டும் என்று பேனாவை வாங்கினார்.

"காலிதான் சார்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

இயக்குநர் திருப்தியாக இன்னொரு முறை ஓங்கித் தட்டினார்.

"சார்," என்றாள் மனைவி. "கொஞ்சம் மெதுவாத் தட்டுங்க."

"ஏம்மா? காலிப் பாத்திரம்தானே?"

"காலிதான் சார். இருந்தாலும் மெதுவாத் தட்டுங்க."